அடிநிறம்

காலை. கராஜின் தகரக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பாலை மரத்தின் கீழே லொறி நிற்கிறது. பாலைப்பழங்கள் உதிர்கின்றன. பொனற்றில் விழுந்தால் ஓர் ஒலி. மண்ணில் விழுந்தால் ஒலி இல்லை.

ஆனி மாதம். சோளகம் வீசுகிறது.

•

இழுத்துத்தான் வந்தார்கள். முன்னால் உழவு இயந்திரம். பின்னால் இது. நடுவில் தேர்வடம் போல முறுக்கிய கயிறு. புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகும் வீதியில் எழுந்த கிரவல் புழுதி இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.

புழுதியில் ஒரு பிள்ளையின் விரல் அடையாளம். எழுத்து இல்லை. ஒரு கோடு.

•

காபினுக்குள் புற்று. சாரதி இருக்கையின் கம்பிச் சுருள்களுக்குள் முளைத்து, ஸ்டியரிங் வளையத்தைத் தொடும் உயரத்துக்கு வந்திருக்கிறது.

கராஜ் பாஸ் அதை உடைக்கவில்லை. ஒரு முட்டை வைக்கிறார். சிரட்டையில் கொஞ்சம் பால். புதூர் நாகதம்பிரான் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார். இரண்டு நாள் வேறு வேலை பார்க்கிறார்.

மூன்றாம் நாள் முட்டையைக் காணவில்லை.

மண்ணைக் கையால் அள்ளி மரத்தடியில் போடுகிறோம். அள்ள அள்ளக் குளிர்ச்சி.

•

பெட்போர்ட். பிறந்த ஊர் இங்கிலாந்தின் லூட்டன். முகம் தட்டை, பொனற் அகலம். அழகுக்குச் செய்ததல்ல, அவசரத்துக்குச் செய்தது.

இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் அந்த நிறுவனம் ஏறத்தாழ 250,000 இராணுவ லொறிகளைச் செய்து அனுப்பியது. இந்த மூன்று தொன் வகையில் மட்டும் 72,000க்கு மேல். ஆறு சிலிண்டர். 72 பரிவலு. பெற்றோல்.

அத்தனை முகங்களில் ஒரு முகம். அதில் பாலைப்பழக் கறை.

•

அந்தப் போரில் வவுனியாவிலும் ஒரு விமான ஓடுபாதை இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. போர் முடிந்தது. விமானங்கள் போயின.

இந்த லொறி ஏலத்தில் வந்ததாம். சொந்தக்காரரின் அப்பப்பா எடுத்தாராம். எவ்வளவுக்கு என்று வீட்டில் எவருக்கும் ஞாபகம் இல்லை. எந்த மாடுகளை விற்று எடுத்தார் என்பது ஞாபகம் இருக்கிறது. ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது.

•

கதவைச் சுரண்டுகிறேன்.

மேலே நீலம். நீலத்தின் கீழே சிவப்பு. சிவப்பின் கீழே மறுபடியும் நீலம், வேறு நீலம்.

பச்சை வரும் என்று கை எதிர்பார்க்கிறது.

பச்சை வரவில்லை. பழுப்பு வருகிறது. உழுது காய்ந்த நிலத்தின் பழுப்பு.

1942 தொடக்கம் 1944 வரை பிரித்தானிய இராணுவம் தன் வாகனங்களுக்குப் பழுப்பைத்தான் பூசியது. பச்சைச் சாயத்துக்குத் தட்டுப்பாடு.

ஒரு கையகலம் சுரண்டியதோடு நிறுத்துகிறேன். அதற்குமேல் கை போகவில்லை.

•

தகரத்தூள் நகக்கண்ணில். சோறு தின்னும்போது பழுப்பின் சுவை.

•

இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. பிறகு எண். 1957இல் வந்த சிங்கள ஸ்ரீக்கு முந்திய தகடு.

அந்த ஓர் எழுத்தின் மேல் 1958இல் வடக்கில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளின் மேல் தார். வாளியும் தூரிகையும் இரண்டு பக்கமும்.

இந்தத் தகட்டில் தார் இல்லை. எறும்பு ஊர்கிறது.

•

இராணுவம் ஓட்டியபோது பின்னால் பக்கத்துக்கு ஒரு சில்லு. இப்போது இரண்டு. பின்னச்சு வேறொரு லொறியினுடையது. ஷசியில் கைத்துளைப்பான் போட்ட துளைகள் முழு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டிருக்கின்றன. துளைத்தவருக்குக் கை களைத்த இடம் தெரிகிறது.

காபினின் பின்சுவர் முதிரைப் பலகை. இரும்பு உளுத்த இடத்தில் மரம். மரம் உளுக்கவில்லை.

வில்லுத் தகடுகளை எண்ணுகிறேன். இடப்பக்கம் பதினொன்று. வலப்பக்கம் பன்னிரண்டு. பாஸ் வந்து தானும் எண்ணுகிறார். பன்னிரண்டாவதை ஒருதரம் தடவுகிறார். எழுந்து போகிறார்.

•

கழித்த வில்லுத் தகடுகள் கொல்லரிடம் போகும். காட்டுக் கத்தியாகும். மண்வெட்டியாகும். லொறி இரும்பில் அடித்த கத்தி முனை மழுங்காது என்பார்கள்.

கழித்த சில்லு வளையம் ஒன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொங்குகிறது. எட்டுமணிக்கு ஒரு பிள்ளை இரும்புக் கம்பியால் அதை அடிக்கிறது. ஒலி காட்டுக்குள் போகிறது. திரும்பி வர நேரம் எடுக்கிறது.

பாஸ் தலையை உயர்த்துகிறார். அந்த வளையம் எந்த லொறியினுடையது என்று அவருக்குத் தெரியும்.

•

கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது 1936இல். இரணைமடுக் கட்டு அதற்கும் முந்தியது, 1920இல் முடிந்தது. காணி தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். பானை. விதைநெல். ஓலைப்பாய்க்குள் சுற்றிய சாமிப் படம்.

இந்தத் தட்டிலும் ஏறியிருப்பார்கள். பலகை இடுக்கில் ஒரு நெல். அது போன வருடத்து நெல்லாகவும் இருக்கலாம்.

•

இயந்திரத்தின் தலையைத் திறக்கிறோம்.

நட்டுகளைப் பாஸ் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கழற்றுகிறார். ஒவ்வொன்றையும் கால் சுற்று. பிறகு இன்னொரு சுற்று வந்து இன்னும் கால் சுற்று. ஒன்றை மட்டும் முழுதாக விட்டால் வார்ப்பிரும்பு வளையும். அவசரப்படும் கையை இரும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி நட்டு. தூக்குகிறோம். பல காலம் மூடியிருந்த காற்று.

உள்ளே இரண்டு காஸ்கட். ஒன்றின் மேல் ஒன்று.

பாஸ் குனிந்து பார்த்தபடி இருக்கிறார்.

"மண்ணெண்ணெய்" என்கிறார்.

•

1990க்குப் பிறகு. பொருளாதாரத் தடை.

பெற்றோல் இல்லை. டீசல் இல்லை. பற்றரி இல்லை. உதிரிப்பாகம் இல்லை. இரும்பு, சீமெந்து இல்லை. ஓமந்தைக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருந்தன. இந்தப் பக்கம் கொஞ்சம் மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. சூடு வேண்டும். ஆகவே முதலில் பெற்றோல், சில துளி. சேலைன் போத்தலில் வைத்திருந்தார்கள். ஷம்பூப் போத்தலில் வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர் சட்டைப்பையில், மருந்து போல. காபுரேட்டரின் வாயில் ஒரு பீச்சு. உதை. பற்றும். சூடு ஏறும். பிறகு குழாயின் வாயைத் திருப்பினால் மண்ணெண்ணெய் வரும். வெள்ளைப் புகை. கண் எரியும். வீதி முழுதும் குப்பி விளக்கின் மணம்.

பெற்றோலுக்குச் செய்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, முந்திக்கொண்டு வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் காஸ்கட்டின் மேல் காஸ்கட். கூடுவது ஒரு நகத்தின் தடிப்பு.

அந்த நகத்தடிப்புக்குள் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

•

புதிய வாகனங்கள் நின்றுபோயின. பழையவை எழுந்து வந்தன. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். ஏ-40. மொறிஸ் மைனர். கோழி அடைகாத்த கொட்டில்களிலிருந்து, வைக்கோலுக்குள்ளிருந்து. அவற்றின் அமுக்கம் முதலிலேயே குறைவு. அவசரமில்லாத காலத்தின் இயந்திரங்கள்.

கல்யாணத்துக்கும் அவைதான். ஆஸ்பத்திரிக்கும் அவைதான்.

•

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியாக வடிந்து ஒயிலில் கலக்கும். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திருக்காது. கூடியிருக்கும். கூடினால்தான் பயம்.

பாஸ் அந்நாளில் கம்பி நுனி ஒயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். இன்றும் முகர்கிறார். டீசல் லொறி வந்தாலும் முகர்கிறார்.

•

பற்றரி இல்லாத லொறியைச் சரிவில் நிறுத்த வேண்டும். வன்னியில் மலை இல்லை. குளக்கட்டு இருக்கிறது.

பொழுதுபட, குளக்கட்டின் சரிவில், சில்லுக்குக் கல் கொடுத்து ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்துகிறார்கள். தண்ணீரில் அவற்றின் நிழல் தலைகீழ். விடிய ஒருவர் வந்து ஒரு கல்லை எடுக்கிறார். ஓசையில்லாமல் ஓர் எடை நகர்கிறது. நகர்கிறது. ஓர் உதறல். புகை.

நீர்க்காகங்கள் எழுந்து மறுபடி அமர்கின்றன.

இது நான் சிறுவனாய்ப் பார்த்தது. இப்போது நடப்பது போலவே வருகிறது.

•

மத்தியானம். எல்லோரும் படுத்துவிட்டார்கள். ரயர் வளையத்துக்குள் நாய்.

திறந்த இயந்திரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி. பிரேதத்துக்குப் போடுவது போல என்று நினைக்கிறேன். பிள்ளை நித்திரையில் கிடக்கும் ஏணையில் போடுவது போல என்றும் நினைக்கிறேன்.

துணி காற்றில் கொஞ்சம் உயர்கிறது.

•

ஆனையிறவில், ஏ-9 வீதியோரம், ஒரு புல்டோசர் நிற்கிறது. நிலம் திருத்துவதற்கென்று செய்த இயந்திரம். புலிகள் சுற்றிவர இரும்புத் தகடு ஒட்டி, 1991 ஜூலையில் முகாமை நோக்கி ஓட்டினார்கள். வழியில் நிறுத்தப்பட்டது. இப்போது இராணுவத்தின் நினைவுச் சின்னம். பஸ்கள் நிற்கின்றன. இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள்.

நான் ஒட்டுகளைப் பார்க்கிறேன். தகடும் தகடும் சேரும் இடத்தில் வெல்டிங் ஓடிய கோடு. யாரோ ஒருவர் குனிந்து, மூச்சைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி இழுத்த கோடு.

வயலுக்கு வந்தது அந்தப் பக்கம் போயிருக்கிறது. போருக்கு வந்தது இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே ஸ்பனர்.

உப்புக் காற்று.

•

பெரிய முனைத் தாங்கிகளைக் கழற்றுகிறோம். உள்ளே பூசிய வெள்ளை உலோகம் மென்மையானது. நகம் அழுத்தினால் பதியும். தண்டைக் காப்பாற்ற அது தேயும். தேய்வதற்கென்றே வைத்த உலோகம்.

பாஸ் தண்டில் நீலம் தடவி, தாங்கியைப் பூட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றுகிறார். நீலம் ஒட்டிய இடம் மேடு. மேட்டைச் சுரண்டுகிறார். மறுபடி பூட்டுகிறார். மறுபடி கழற்றுகிறார்.

ஒரு தாங்கிக்கு ஒரு பகல்.

சுரண்டியதெல்லாம் சேர்ந்து ஒரு சிட்டிகை வெள்ளி. விபூதி போல் கையில் ஒட்டுகிறது.

•

2009 மே மாதத்துக்குப் பிறகு, முள்ளிவாய்க்கால் பக்கம், வாகனங்கள்.

பஸ். வான். லொறி. உழவு இயந்திரம். லாண்ட்மாஸ்ரர். சைக்கிள், சைக்கிள், சைக்கிள்.

எரிந்தவை. எரியாதவை. கதவு திறந்தபடி நின்றவை.

பிறகு துரு. பிறகு தராசு.

•

கராஜின் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு திறப்பு. அந்த வாகனம் இல்லை. திருத்தக் கொடுத்தவரும் இல்லை.

வருடத்தில் ஒருநாள் பாஸ் அதற்கு எண்ணெய் பூசுகிறார்.

•

இந்த லொறி முள்ளிவாய்க்காலுக்குப் போகவில்லை. 2008இல் ஊர் எழும்பியபோது இதற்கு ரயர் இல்லை. குடும்பம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனது. இது மரங்களுக்குள் நின்றது. கொடி ஏறியது. குளவி மண் கொண்டுவந்து புகைக்குழாயை அடைத்தது.

ரயர் இல்லாததால் மிஞ்சியது.

இந்த வசனத்தின் முன்னால் கொஞ்சநேரம் இருக்கிறேன்.

•

பின்னேரம் சொந்தக்காரரின் மகன் வருகிறான். இசுசு எல்ப் ஒன்றின் டீசல் இயந்திரம் தம்புள்ளையில் இருக்காம். இதை இறக்கிவிட்டு அதைப் போட்டால் சிறுபோக நெல் ஏற்றலாம் என்கிறான். 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் திறந்தார்கள். திறந்த கதவுக்குள் தெரியும் விலை இவனுக்கு எட்டாது. 2022இல் மூன்று நாள் டீசல் வரிசையில் படுத்திருந்தவன். அவன் கணக்கில் பிழை இல்லை.

தகப்பனும் வந்திருக்கிறார். பேசவில்லை. படிவாசலில் கால் வைத்து, இருக்கை இல்லாத காபினுக்குள் ஏறி, நின்றபடியே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

பாஸ் ஷசியின் அகலத்தை அளக்கிறார். தாங்கு கட்டைகளுக்கிடையே அளக்கிறார். சிகரெட் பெட்டி அட்டையில் எழுதுகிறார். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்கிறார்.

பெரியவர் இறங்குகிறார். உள்ளங்கையில் துரு. வேட்டியில் துடைக்கவில்லை.

•

வீதியில் பச்சை ட்ரக்குகள் போகின்றன. நாலு. ஐந்து. தகரம் அதிர்கிறது.

போன பிறகும் மேசையில் ஒரு வாஷர் சுழல்கிறது. வட்டம் சுருங்குகிறது. படுக்கிறது.

•

மழை இல்லை. ஆனாலும் மழை மணம். எங்கோ நிலத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள்.

•

தலையை மூடுகிறோம். எத்தனை காஸ்கட் என்று கேட்கவில்லை. பாஸ் ஒன்றை வைக்கிறார். கொஞ்சம் யோசிக்கிறார். மற்றதைத் துடைத்து, எறியாமல், ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்துத் தொங்கவிடுகிறார்.

நட்டுகள். இப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கால் சுற்று. கால் சுற்று.

•

ஓடினால் முதல் ஓட்டம் முறிகண்டிக்கு. அது பேச்சில்லாமலே தீர்மானம். பிள்ளையாருக்குத் தேங்காய். சில்லின் முன் எலுமிச்சம்பழம். கச்சான் ஒரு சரை.

ஓடினால்.

•

கைப்பிடிக் கம்பியை முன் துளைக்குள் செலுத்துகிறார். அது தேடுகிறது. பற்றிக்கொள்கிறது.

பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்கச் சொல்கிறார். கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. திருப்பி அடித்தால் பெருவிரல் போய்விடும். தன் பெருவிரலைக் காட்டுகிறார். அது கொஞ்சம் வளைந்திருக்கிறது.

கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது.

இழுக்கிறேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கைக்கு எதிராக உள்ளே ஒன்று எழும்புகிறது. மெதுவாக. மாட்டின் வயிற்றில் கை வைத்தால் கன்று அசைவது போல. கம்பி நிற்கிறது. பொறுக்கிறேன். அது இறங்குகிறது. அடுத்தது எழும்புகிறது.

பெற்றோல் இன்னும் ஊற்றவில்லை.

ஆறு முறை. ஆறும் இருக்கின்றன.

பாஸ் பின்னால் போய்ப் புகைக்குழாயின் முன் குந்துகிறார். உள்ளங்கையை வாயருகே பிடிக்கிறார்.

இன்னொரு சுற்று.

குழாயிலிருந்து மூச்சு. குளவி மண் கொஞ்சம் உதிர்ந்து அவர் கையில் விழுகிறது.